பன்னிரண்டாம் வருஷத்துக் கரையான்

ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர் முழுசாகப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால், பதின்மூன்றாம் வருஷத்து முதல் நாள் காலையில் அந்த வீடு அவருடையதாகிவிடும் என்று நான் நம்பினேன். அன்றைக்கு அவர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து இது யார் வீடு என்று கேட்டால், சுவர், நிலைப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து அவரையே கைகாட்டும் என்கிற அளவுக்கு நம்பினேன். பட்டா தானாகவே பெயர் மாறிக்கொள்ளுமா, இல்லை யாராவது வந்து மாற்ற வேண்டுமா என்பதில் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

ஐம்பதைத் தாண்டியவன். திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் பம்பு விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் மோட்டாரைப் பற்றிப் பேசுவதைவிட வாடகை வீட்டைப் பற்றித்தான் ஜாஸ்தி பேசுவேன். குடித்தனக்காரனைச் சுவரில் ஆணி அடிக்க விடாதே, மாடியில் வடகம் காயவைக்க விடாதே, சிரித்துப் பேசாதே, சிரித்தால் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வான். இப்படி நான் சொல்லாத அறிவுரை கிடையாது. இத்தனைக்கும் எனக்கு இருப்பது ஒரே ஒரு வாடகை வீடு. அதுவும் என்னுடையது இல்லை. சிதம்பரத்தில் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் என் மாமனார் கட்டி, என் மனைவி பேரில் எழுதிக் கொடுத்த வீடு. நாங்கள் கடலூரில் இருப்பதால் அதை வாடகைக்கு விட்டிருந்தோம். என் பேரில் இருந்து தொலைந்தால் நான் மட்டும் அழுதுவிட்டுப் போகலாம். அவள் பேரில் இருப்பது என் பொறுப்பில் இருந்து தொலைந்தால், மிச்ச ஆயுள் முழுக்க ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் அதைப் பரிமாறுவாள்.

அந்த வீட்டில் ஒரு பி.டி. வாத்தியார் குடியிருந்தார். கீரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிடுகிறவர். அவர், அவர் மனைவி, ஒரே பெண். பெண்ணைச் சிதம்பரத்தில் படிக்கவைக்க வேண்டும் என்று வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். வந்தபோது பதினோரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம். அது முடிந்ததும் புதுசு போட வேண்டும் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன், இருவரும் சொல்லிக்கொண்டே பதினோரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். வாடகை ஒன்றாம் தேதி காலையில் போனில் வந்து விழும். அவர் என்னை சார் என்பார், நான் அவரை சார் என்பேன். உலகத்திலேயே சண்டை போட வழியில்லாத உறவு அது.

இதைக் கெடுத்தவன் என் மச்சான். மனைவியின் தம்பி, காட்டுமன்னார்கோயிலில் கேட்டரிங் செய்கிறான். சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சமையல் அவனுடையது இல்லை என்பதால் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை வாங்கினான். பேச்சுவாக்கில், வாத்தியார் வந்து எத்தனை வருஷம் மாமா என்று கேட்டான். வர்ற வைகாசியோட பன்னண்டு ஆகுது மச்சான் என்றேன். கையில் இருந்த அப்பளத்தை அப்படியே இலையில் வைத்தான். அவன் அப்பளத்தைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"மாமா, பன்னண்டு முடிஞ்சா வீடு அவருக்குத்தான். சட்டமே அதான் சொல்லுது. எங்க ஊர்ல ஒருத்தரு இப்படித்தான் வுட்டாரு. இன்னிக்கு அவுரு வீட்டுலயே அவுரு வாடகைக்கு இருக்குறாரு."

என் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் அது ரசத்தோடு கலந்து மேற்கே ஓடியது. பரிகாரம் என்ன என்று கேட்டேன். சனிப்பெயர்ச்சிக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன். அவனிடம் அதுவும் தயாராக இருந்தது. பன்னிரண்டு முடிவதற்குள் ஒரே ஒரு ராத்திரியாவது அவர்கள் வெளியே போக வேண்டும், நம் பூட்டு தொங்க வேண்டும், நாம் உள்ளே தங்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும். அப்போது கணக்கு அறுந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். வெளியே சொல்லாதீங்க மாமா, உஷாராயிடுவாங்க என்றும் சொன்னான். அக்காவிடமும் சொல்ல வேண்டாம் என்றான். அக்காவிடம் சொல்கிற தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது.

வீட்டுக்காரர்களுக்கு என் முதல் அறிவுரை: சட்டத்தைப் பந்தியில் கற்காதீர்கள். அதிலும் பக்கத்து இலைக்காரரிடம்.

மறுவாரமே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத வீட்டுக்காரர் திடீரென்று வந்து நின்றதும் வாத்தியார் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. போலீஸ்காரர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் என்னைவிட உயரமாக நின்றது. யார் வைத்தது என்றேன். வந்த புதுசுல நான்தான் சார் வச்சேன் என்று அவர் மனைவி பெருமையாகச் சொன்னார். கோர்ட்டில் அந்த மரம் கூண்டில் ஏறி நின்று அவர்களுக்குச் சாட்சி சொல்வது எனக்குத் தெரிந்தது. புறப்படும்போது ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், சாட்சியைக் கொஞ்சமாவது மொட்டையடித்த மாதிரி இருக்கட்டும் என்று.

கிளம்புகிற நேரத்தில், பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு ஸ்ரீமுஷ்ணம் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள், வேன் செலவு என்னுடையது, நல்ல கோயில் என்றேன். பெண் அந்த வருஷம் பிளஸ் டூ.

வாத்தியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சார், என் சொந்த ஊரே ஸ்ரீமுஷ்ணம்தான். மாசம் ஒருக்கா போயிட்டுத்தான் இருக்கோம்."

பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கிறவரின் ஊர் எது என்று தெரியாமல், அவர் ஊருக்கே அவரை டூர் அனுப்பப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு முறை போகிறார்கள் என்றால் கணக்கு ஏற்கெனவே அறுந்திருக்குமே என்று மச்சானுக்குப் போன் போட்டேன். அது செல்லாது, பூட்டு அவர்களுடையது என்றான். அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறவன் தப்பாகச் சொல்வானா என்று நம்பிக்கை இன்னும் கெட்டியானது.

அடுத்து வெள்ளையடிக்கிறேன் என்றேன். பன்னிரண்டு வருஷமாக அவர்கள் கேட்டுக் கேட்டு விட்டுவிட்ட விஷயம். வாத்தியார் போனிலேயே நெகிழ்ந்துபோனார். ஆனால் நீங்கள் ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டியிருக்கும் என்றதும், எதுக்கு சார், ஒவ்வொரு ரூமா அடிக்கட்டும், நாங்க கட்டிலை நகத்திக்கிறோம் என்றார். மூன்று ரூமுக்கும் வெள்ளையடித்து முடிந்தது. அவர்கள் கட்டிலோடு வீட்டுக்குள்ளேயே வலம் வந்தார்களே தவிர ஒருத்தரும் வாசலைத் தாண்டவில்லை. செலவுதான் என் வாசலைத் தாண்டியது.

கடைசியில் கரையான்தான் கைகொடுத்தது. கரையானுக்கு மருந்து அடித்தால் ஒருநாள் உள்ளே இருக்கக் கூடாது, யாரும் மறுக்க முடியாது. ஒரே சிக்கல், அந்த வீட்டில் கரையான் இல்லை. என் கடைப் பரணில் இருந்தது. பழைய பம்பு வந்த மரப்பெட்டி ஒன்றைக் கரையான் பாதி தின்றிருந்தது. அதிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்துக் கட்டைப்பையில் போட்டு, மேலே ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து மறைத்து, சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பையிலிருந்து மண் உதிர ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் குனிந்து பார்த்து, என்னா சார் பழம் மண்ணு வுடுது என்றார். இயற்கை விவசாயம் என்றேன்.

வாத்தியார் வீட்டில் கைகால் கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய், கதவுக்குப் பின்னால் பலகையைச் சாத்திவிட்டு, அடடா என்று கத்தினேன். எல்லாரும் ஓடி வந்தார்கள். நான் பலகையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். உயிரோடிருந்த நாலைந்து கரையான்கள் புது ஊரைப் பார்த்து மிரண்டு ஓடின. வாத்தியார் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது நம்ம வீட்டுப் பலகை மாதிரி இல்லையே சார் என்றார். அதன் இன்னொரு பக்கத்தில் பம்புக் கம்பெனியின் அம்புக்குறியும் குடைப் படமும் இருந்தன, நனையாமல் வை என்பதற்கு. நான் சட்டென்று பலகையைப் பிடுங்கி, மருந்துதான் சார், வேற வழியே இல்லை, ஒருநாள் வெளியே இருங்கள் என்றேன். அவரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி சார் என்றார், ரொம்ப மெதுவாக. அந்த மெதுவை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. கணக்கு அறுகிற சந்தோஷத்தில் இருந்தேன்.

பெண்ணின் பரீட்சை முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை என்று பேசி வைத்தோம். எங்கே தங்குவார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. என் மனைவி யோசித்தாள். வாத்தியார் மனைவிக்குப் போன் செய்து, நம்ம வீடு இருக்கும்போது எதுக்கு வேற எடம், கடலூருக்கு வாங்க, சில்வர் பீச்சும் பாத்த மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டாள். ஆக அந்தச் சனிக்கிழமை குடித்தனக்காரர் கடலூரில் என் வீட்டில் என் கட்டிலில், வீட்டுக்காரன் சிதம்பரத்தில் மருந்து நாற்றத்துக்கு நடுவில். மருந்து அடித்த ஆள், உள்ளே யாரும் தங்கக் கூடாது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டு மொட்டை மாடியில் பாயை விரித்தேன். வாசலில் நான் வாங்கிப்போன புதுப் பூட்டு தொங்கியது.

பால் காய்ச்சத்தான் தண்ணீர் வேண்டியிருந்தது, பாத்திரம் கழுவ. குழாயைத் திறந்தேன். இருமியது. மோட்டாரைப் போட்டேன். அது ஒரு முனகு முனகிவிட்டு நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி முனகல். இருபத்தைந்து வருஷமாக மோட்டார் விற்கிறவன் நான். அந்த முனகலுக்கு என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கழற்றிப் பார்த்தால் மூன்று நான்கு முறை யாரோ பிரித்துச் சரிசெய்து மாட்டிய அடையாளம். வாத்தியார் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் கேட்டால்தானே சொல்வார். குளியலறைத் தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கயிறு. சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒரு வாளி, சொட்டுத் தண்ணீர் பிடிக்க. பால் காய்ச்சாமலே குடித்துவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

காலையில் அதே துண்டோடு வாசலில் நின்றபோது எதிர்வீட்டு அம்மா கோலம் போட வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். மருந்து அடிக்கிற ஆள் என்று முடிவு செய்துகொண்டார். நான் மறுக்க வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"காசு கையில வாங்கிட்டியா? வாங்கிக்க. இந்த வூட்டு ஓனர் கடலூரு ஆளு. மோட்டார் கடை வச்சிருக்கானாம், அவன் வூட்டு மோட்டாரு ஓடாது. நீயே சொல்லு, இத எங்க போய் சொல்றது."

"ரொம்ப மோசங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

"மோசமா? கேளு. இத்தினி வருஷமா எட்டிப் பாக்காதவன், இப்ப வாரத்துக்கு ஒருவாட்டி வந்து நிக்குறான். கோயிலுக்குப் போங்குறான், வெள்ளையடிக்குறேங்குறான், இல்லாத கரையானக் கொண்டாந்து காட்டுறான். காலி பண்ணுன்னு நேராச் சொல்ல வாயில்ல. பாவம் அந்த வாத்தியாரு, பொம்பளப்புள்ளய வச்சுக்கிட்டு, கீரப்பாளையத்துல வூடு பாத்துட்டாரு. அந்தம்மா நேத்துக்கூட அந்தக் கறிவேப்பில மரத்துகிட்ட நின்னு அழுதுச்சு."

துண்டு மூக்கை மட்டும் மறைத்ததற்கு வருத்தப்பட்டேன். முகம் முழுக்க மறைத்திருக்கலாம்.

பஸ்ஸில் கடலூர் திரும்பினேன். அதுவரைக்கும் வீடு போய்விடுமோ என்று பயம். இப்போது வாத்தியார் போய்விடுவாரோ என்று அதோடு இன்னொரு பயம். இரண்டு பயமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே வந்தன. பால் காய்ச்சாததால் கணக்கு அறுந்திருக்காது. அவர் போய்விட்டால் வீடு பிழைக்கும், இருந்தால் வீடு போகும். எது வேண்டும் என்று எனக்கே புரியவில்லை. மஞ்சக்குப்பத்தில் இறங்கி, என்னிடம் மோட்டார் வாங்கிய ஒரு வக்கீல் வீட்டுக்கு நேராகப் போனேன். காதுகுத்து முடிந்த மறுநாளே போயிருக்க வேண்டிய இடம்.

ஞாயிற்றுக்கிழமை, லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், கட்டைப்பை உட்பட. சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சார், உங்ககிட்ட வாடகை கொடுக்குறாரு இல்ல? கொடுக்குற ஒவ்வொரு மாசமும் நீங்கதான் ஓனருன்னு அவரே ஒத்துக்குறாரு. பன்னண்டு இல்ல, ஐம்பது வருஷம் இருந்தாலும் குடித்தனக்காரர் குடித்தனக்காரர்தான். நீங்க சொல்ற பன்னண்டு வருஷம் வேற கதை. வாடகையும் இல்லாம, உங்கள மதிக்காம, இது என் சொத்துன்னு ஊரறிய ஒருத்தன் புடிச்சு வச்சிருந்தா, அதுக்கு. யாரு உங்களுக்கு இதச் சொன்னது?"

மச்சான் என்றேன். என்ன படித்திருக்கிறார் என்றார். கேட்டரிங் என்றேன். மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

சிரிப்புக்கு நடுவே அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், காசு கொடுக்காமல் கிடைத்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், இப்போதைய சட்டப்படி பதிவும் செய்யுங்கள், காலம் முடிந்ததும் உடனே புதுப்பியுங்கள். வாடகை கைக்கு வந்தால் ரசீது கொடுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வீட்டைப் போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். கடைசியாக ஒன்று சொன்னார். எதுவானாலும் வாத்தியாரிடமே நேராகக் கேட்டிருந்தால் இந்தப் பஸ் செலவெல்லாம் மிச்சமாகியிருக்கும். அது சட்டம் இல்லை, இருந்தாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனால் வாத்தியார் என் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வாத்தியார் மனைவி ராத்திரியே அவளிடம் கேட்டிருக்கிறார், ஏன்க்கா எங்களைக் காலி பண்ணச் சொல்றீங்க என்று. யார் சொன்னது என்று இவள் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாவகாசமாக என்னைப் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள்.

நான் வாத்தியார் எதிரில் உட்கார்ந்து, பந்தியில் ஆரம்பித்து வக்கீல் வரைக்கும் சொன்னேன். பலகை இடம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குடைப் படத்தை நான் அன்னிக்கே பாத்தேன் சார் என்றார். ஏன் சார் கேட்கவில்லை என்றேன்.

"நீங்க ஓனர் சார். அவ்ளோ தூரம் கரையானைத் தூக்கிட்டு வந்து ஒருத்தர் போங்கன்னு சொல்றப்ப, அதுக்கு மேல என்ன கேக்குறது? பொண்ணு காலேஜும் சிதம்பரத்துலதான் சேர்க்கணும்னு இருந்தோம். இன்னும் அஞ்சாறு வருஷம் அங்கதான்னு நெனச்சோம்."

இருங்கள் சார், மோட்டார் நாளைக்கே புதுசு மாட்டுகிறேன், ஒப்பந்தம் புதுசாகப் போடலாம் என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி தரையைப் பார்த்தார். கீரப்பாளையத்தில் முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அந்த வீட்டுக்காரரிடம் வாக்கும் கொடுத்தாகிவிட்டது என்றார் வாத்தியார். வாக்கு மாறுகிற ஆள் இல்லை அவர். பன்னிரண்டு வருஷத்தில் நானும் அதைத்தான் அவரிடம் அனுபவித்திருந்தேன்.

வைகாசி பிறப்பதற்கு முன்னாலேயே அவர்கள் காலி செய்தார்கள். நான் போய் மினி லாரியில் பீரோ ஏற்றினேன். அதற்கு முந்தின வாரமே புது மோட்டாரும் மாட்டிவிட்டேன். சமையலறைக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. வாத்தியார் மனைவி அதைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

இரண்டு மாதம் வீடு சும்மா கிடந்தது. அப்புறம் சிதம்பரத்தில் கேட்டரிங் ஆர்டர் ஜாஸ்தி என்று என் மச்சான் சட்டி பானையோடு அதில் குடிவந்தான். அவன் அப்பா கட்டிய வீட்டுக்கு அவனிடம் வாடகை கேட்பது அசிங்கம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் அங்கேதான் இருக்கிறான். சொந்தத்தில் எல்லாரும் அதை அவன் வீடு என்றுதான் சொல்கிறார்கள்.